காயிலைத் திட்டும் முன் திரியைப் பாருங்கள்: சொந்தமாக வேப் காயில் கட்டுபவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

வேப் என்னும் மின்சிகரெட்டில் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். முதல் காயிலைக் கட்டி முடித்து, இழுத்துப் பார்த்து, ஏதோ சரியில்லை என்றால் புதியவர் உடனே வாட்டை ஏற்றுவார். அதுவும் உதவாவிட்டால் காற்றுத் துளையைத் திறந்து மூடும் காற்று வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டே இருப்பார். கோளாறு பெரும்பாலும் இரண்டிலும் இருக்காது. காயிலுக்குள் நுழைத்து லிக்விடை இழுக்க வைக்கும் பஞ்சுத் திரியின் வால் நுனியில் இருக்கும்.

ஆகவே தேடும் வரிசை முக்கியம். முதலில் மின்சாரம்; அதைப் பஞ்சு வைக்காமல் வெறும் காயிலில் பார்க்க வேண்டும். அடுத்து திரி. காற்று கடைசியில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றிச் சரியானாலும், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புகைப்பழக்கம் இல்லாதவர் இதைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. சிகரெட்டை விட்டு இதற்கு மாறி, கடையில் வாங்கும் காயில் போதாமல் சொந்தமாகக் கட்டத் தொடங்கியவருக்கே இந்தக் குறிப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டு

28 கேஜ் காந்தல் ஏ1 (இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்பு) கம்பி, தடிமன் 0.32 மி.மீ. அதை 2.5 மி.மீ. தடிமனுள்ள கோலின் மேல் 6 சுற்று. வெட்டும்போது 12 செ.மீ. எடுத்தால் கையில் பிடிக்க வசதியாக இருக்கும். உண்மையில் காயிலுக்குள் போவது 6 செ.மீ. சொச்சம்தான். மீட்டர் மின்தடையை 1.1 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஓட்டும் சக்தி 11 முதல் 14 வாட். சிகரெட் போல முதலில் வாயில் வாங்கி, பிறகு உள்ளே இழுப்பவர்களுக்கான கட்டு இது.

நேரே நெஞ்சுக்கு இழுப்பவர்கள் என்றால் 24 கேஜ் நிக்ரோம் 80, 3 மி.மீ. உள்விட்டம், 7 சுற்று. ஏறத்தாழ 0.45 ஓம், 35 முதல் 40 வாட். கற்றுக்கொள்ள முதல் கட்டே நல்லது. கம்பி மெல்லியது, வளைக்க எளிது, பேட்டரிக்கும் சுமை குறைவு.

(காந்தல் என்பது சுவீடன் நிறுவனம் ஒன்றின் பெயர். நம் காதில் அது அடிப்பிடித்த சோற்றை நினைவுபடுத்துவது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.)

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் 'செக் அட்டமைசர்' என்று வருகிறது

மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. டேங்கின் (லிக்விடும் காயிலும் இருக்கும் மேல்பகுதி) அடியிலுள்ள 510 முனையையும் (திருகி மாட்டும் இணைப்பு) மாடின் (பேட்டரியும் பட்டனும் உள்ள கீழ்ப்பகுதி) முனையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இல்லையென்றால் காயில் உட்காரும் மேடையான டெக்கைத் திறந்து, காயிலின் ஒவ்வொரு காலையும் (ஸ்க்ரூவுக்குள் போகும் கம்பி முனை) ட்வீசரால் லேசாக இழுத்துப் பாருங்கள். ஆடினால் ஸ்க்ரூ இறுகவில்லை. கையோடு வந்துவிட்டால் ஸ்க்ரூ அளவுக்கு மேல் இறுகிக் கம்பியை அறுத்திருக்கிறது. 28 கேஜ் கம்பியை அறுக்கப் பெரிய பலம் எதுவும் வேண்டாம். ஸ்க்ரூ கம்பியைத் தொட்ட பிறகு கால் திருப்பு, கம்பி நகரவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூத் தலைக்கு அடியில் கம்பியைப் பிடிக்கும் வகை டெக்காக இருந்தால், ஸ்க்ரூ இறுகும் திசையிலேயே, அதாவது கடிகார முள் போகும் திசையில், கம்பியைச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்க இறுக்கக் கம்பி வெளியே பிதுங்கும்.

'ஷார்ட்' என்கிறது, அல்லது ஓம் மிகக் குறைவாகக் காட்டுகிறது

வெட்டாமல் விட்ட கால் நுனி டெக்கின் சுவரையோ மேல்மூடியையோ தொடுகிறது. மூடியைக் கழற்றினால் சரியான ஓம், மாட்டினால் ஷார்ட் என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். போஸ்ட்டோடு (காலைப் பிடிக்கும் உலோகத் தூண்) ஒட்ட நறுக்குங்கள். நறுக்கிய துண்டு டெக்குக்குள் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்கு எளிதில் படாத அந்தத் துணுக்கு இரண்டு போஸ்ட்டுக்கும் பாலம் போட்டுவிடும்.

மூடி இல்லாமலே ஷார்ட் காட்டினால், காயிலின் உடம்பு டெக்கில் உரசுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நேர்முனைப் போஸ்ட்டைச் சுற்றியுள்ள காப்பு வளையம் உருகியிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். அதை ஒட்டவைத்துப் பயன்படுத்தாதீர்கள், மாற்றுங்கள்.

ஓம் எண் ஆடிக்கொண்டே இருக்கிறது

0.05 அளவுக்குள் ஆடினால் விட்டுவிடலாம். 1.1 ஒருமுறை, 1.4 மறுமுறை என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கம்பி சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். முதல் சில அழுத்தங்களுக்குப் பிறகு ஸ்க்ரூவை இன்னொரு முறை தொட்டு இறுக்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கம்பி எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு) என்றால் கதை வேறு. சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும். 200 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகக் காட்டும். அது பிழை இல்லை, அதன் இயல்பு. வெப்பக் கட்டுப்பாட்டு முறை வேலை செய்வதே இதை வைத்துத்தான். ஆனால் காயில் சூடாக இருக்கும்போது மாடில் ஓமைப் பூட்டிவிட்டால் (அந்த எண்ணையே அடிப்படை அளவாக நிறுத்திவிட்டால்) அதன் பிறகு எல்லாக் கணக்கும் தப்பும். ஆறவிட்டுப் பூட்டுங்கள்.

காந்தலின் மின்தடை சூட்டில் அவ்வளவாக மாறாது. மாடை வெப்பக் கட்டுப்பாட்டில் விட்டுவிட்டு காந்தல் காயிலை மாட்டினால் தாறுமாறாக ஓடும், அல்லது அழுத்திய உடனே நின்றுவிடும். வாட் முறைக்கு மாற்றினால் போதும்.

காயில் ஒரு பக்கம் மட்டும் பழுக்கிறது

இதைப் பஞ்சு வைக்கும் முன்னரே தீர்த்துவிட வேண்டும். மாடை 8 முதல் 10 வாட்டில் வைத்து, இரண்டு விநாடி அழுத்தி விடுங்கள். சரியான காயிலில் மங்கிய செம்மை நடுச்சுற்றில் முதலில் தோன்றி, இரு ஓரங்களுக்கும் சமமாகப் பரவும். ஓரச் சுற்றுகளின் சூட்டைப் போஸ்ட் இழுத்துக்கொள்வதால்தான் நடுப்பகுதி முந்துகிறது.

ஒரே ஒரு சுற்று மட்டும் பளிச்சென்று எரிந்து, மற்றவை கருத்து நின்றால் அது ஹாட்ஸ்பாட். பட்டனை விட்டதும், சூடு ஆறுவதற்குள், செராமிக் முனை ட்வீசரால் காயிலை இரு ஓரத்திலிருந்தும் மெல்ல அழுத்துங்கள். பிறகு அதே முனையால் சுற்றுகளின் மேல் வீணைத் தந்தியை மீட்டுவது போல ஓர் இழுப்பு. மறுபடி இரண்டு விநாடி அழுத்திப் பாருங்கள். நான்கைந்து முறையில் வழிக்கு வந்துவிடும். சாதாரண இரும்பு ட்வீசரோடு இந்த வேலைக்குப் போகாதீர்கள். பட்டன் தற்செயலாக அழுந்தினால் அதுவே ஷார்ட்.

இது ஏன் பலிக்கிறது என்றால், காந்தல் கம்பி பழுக்கும்போது அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உண்டாகிறது. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஒட்டியிருக்கும் சுற்றுகளுக்கிடையே குறுக்குவழி அடைபட்டு, மின்சாரம் சுற்றிச் சுற்றியே போக வேண்டிய கட்டாயம் வருகிறது. புதுக் கம்பியில் படலம் முழுதாக உருவாகும் வரை முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

காயிலை விட்டுவிட்டுக் கால் மட்டும் பழுத்தால், ஸ்க்ரூ தளர்வு, அல்லது கால் நீளம் அதிகம். கால் பழுப்பதை மீட்டிச் சரிசெய்ய முடியாது. காயிலை போஸ்ட்டுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து மறுபடி இறுக்குங்கள்.

அடிப்பிடித்த சுவை, தொண்டையைப் பிடிக்கும் இழுப்பு

எரிந்த சுவை வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் தடயம்.

முதல் இழுப்பிலேயே என்றால் பஞ்சு நனையவில்லை. மூடியை மாட்டும் முன் காயிலின் மேலும் இரு வாலிலும் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்திருக்க வேண்டும். டேங்கை நிரப்பிய பின்னும் ஐந்து நிமிடம் சும்மா வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்பு நன்றாக இருந்து, மூன்றாவது நான்காவதில் கருகல் தட்டினால், திரி லிக்விட் இழுக்கும் வேகம் போதவில்லை. வால் தடித்து, டெக்கில் லிக்விட் வரும் கால்வாயை அடைத்திருக்கிறது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பின் மட்டும் கருகினால் வால் அடிவரை எட்டவில்லை. நாலைந்து நாள் நன்றாக ஓடிவிட்டுக் கருகினால் காயில் மேல் கசடு ஏறிவிட்டது.

விளக்கு ஏற்றிப் பழகிய கைக்கு இதை விளக்கவே வேண்டாம். திரியை விளக்கின் மூக்கில் இறுக்கித் திணித்தால் எண்ணெய் நிறைய இருந்தும் சுடர் வாடும், திரி கருகும். இங்கும் அதேதான்.

திரி வைக்கும் முறை இது. வேப்புக்கென விற்கும் ஜப்பானியப் பஞ்சுத் தகடு என்றால் இரு பக்கமும் உள்ள மெல்லிய தோலை உரித்துவிட்டு, நார் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் ஒரு துண்டு கிழியுங்கள். நுனியைக் கூராக முறுக்கிக் காயிலுக்குள் நுழைத்து, மறுபக்கம் பிடித்து மெல்ல இழுங்கள். நார் உரசுவது விரலுக்குத் தெரிய வேண்டும். காயில் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. காயிலும் கூடச் சாய்ந்து வந்தால் பஞ்சு அதிகம். ஒன்றுமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. அந்தக் காலி இடத்தில் கம்பி பஞ்சைத் தொடாமல் வெறுமனே காய்ந்து எரியும்.

இரு வாலையும் டெக்கின் வெளி விளிம்புக்கு நேராக வெட்டுங்கள். இப்போது ட்வீசர் முனையால் வாலைத் தலைவாருவது போல நுனி நோக்கி வாருங்கள். தளர்ந்த நார்கள் உதிரும். வாலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும் வரை வாரலாம். காயிலுக்கு உள்ளே நிறைவாகவும், வெளியே வந்ததும் சன்னமாகவும் இருக்க வேண்டும். பிறகு வாலைக் கால்வாயின் வாயில் படுக்க வையுங்கள். குத்தித் திணிக்காதீர்கள். நுனி அடியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் போதும்.

பூஜைக்கு விற்கும் திரி வேண்டாம், இறுக முறுக்கியிருப்பதால் இழுக்காது. அழகு சாதனக் கடையில் கிடைக்கும் பஞ்சு உருண்டைகளில் செயற்கை நார் கலந்திருக்கலாம், அது உருகும்.

திரி சரி, இன்னும் கருகுகிறது என்றால் லிக்விடைப் பாருங்கள். வி.ஜி. (லிக்விடைக் கெட்டியாக்கும் வெஜிடபிள் கிளிசரின்) 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிறிய டெக்கின் குறுகிய கால்வாயில் மெதுவாகத்தான் நகரும். லண்டன் டொராண்டோ குளிரில் தேன் மாதிரி நிற்கும். சிறிய டேங்குக்கு வி.ஜி.யும் அதைவிட நீர்த்த பி.ஜி.யும் (புரோப்பிலீன் கிளைகால்) 50-க்கு 50 உள்ள கலவை பொருத்தம். நல்ல திரிக்கு ஓர் அடையாளம் உண்டு: ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் டேங்கில் சிறு குமிழி மேலே ஏறும். குமிழியே வரவில்லை என்றால் அடைப்பு.

கருகிய பஞ்சு திரும்பத் தேறாது. வாட்டைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பது வீண். பிடுங்கிவிட்டுப் புதிது வையுங்கள்.

காற்றுத் துளை வழியாக ஒழுகுகிறது

டேங்க் ஒழுகாமல் நிற்பதற்குக் காரணம் மேலே உள்ள குறைந்த காற்றழுத்தம். உள்ளே காற்று போக ஒரே வழி நனைந்த பஞ்சு. அது தேவைக்கு மேல் விடாது. பஞ்சில் எங்காவது இடைவெளி இருந்தால் காற்று தடையில்லாமல் புகும், அதே அளவு லிக்விட் கீழே இறங்கும். எனவே ஒழுகலுக்கு முதல் சந்தேகம் வால் குட்டையாகிவிட்டதா, கால்வாயின் ஒரு மூலை திறந்து கிடக்கிறதா என்பது. முந்தைய பிழைக்குப் பயந்து அளவுக்கு மேல் வாரியவர்களுக்கு இதுதான் அடுத்து நடக்கும்.

வழக்கமாக ஒழுகாமல், நிரப்பிய உடனே மட்டும் ஒழுகினால் பஞ்சைத் தொடாதீர்கள். நிரப்பும் முறைதான் தவறு. மேல்மூடியைத் திறக்கும் முன் காற்று வளையத்தை முழுக்க மூடுங்கள். நிரப்பி, மூடியை இறுக்கி, டேங்கைத் தலைகீழாகப் பிடித்து, அந்த நிலையிலேயே காற்றைத் திறந்து, பிறகு நிமிர்த்துங்கள். மூடியைத் திருகும்போது உள்ளே காற்று அமுங்கி லிக்விடைக் கீழே தள்ளும். தலைகீழாகப் பிடித்தால் லிக்விடுக்குப் பதில் காற்று வெளியேறிவிடும்.

இரண்டும் இல்லையென்றால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). விரலால் தடவி வெட்டு, முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது ஒரு சொட்டு லிக்விட் தடவினால் பிதுங்காது.

கொரகொர சத்தம், உதட்டில் சூடாகத் தெறிக்கிறது

காயிலின் அடியில் லிக்விட் தேங்கியிருக்கிறது. டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காற்றுத் துளை கீழ்நோக்கி இருக்க ஓர் உதறு. அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால் வாட் குறைவு: திரி கொண்டுவரும் அளவைக் காயில் ஆவியாக்கி முடிக்கவில்லை. ஒரு வாட் ஏற்றுங்கள். வாட்டை ஏற்றுவது சரியான மருந்தாக இருக்கும் சில இடங்களில் இது ஒன்று.

காற்று

காற்றை வாய் முடிவு செய்யட்டும். வாட் காற்றுக்குப் பின்னால் வரட்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டனை அழுத்தாமல் வெறுமனே இழுத்து, உங்களுக்குப் பிடித்த இறுக்கம் வரும் இடத்தில் வளையத்தை நிறுத்துங்கள். வாயில் வாங்கி இழுப்பவர்களுக்கு 1 முதல் 1.4 மி.மீ. வரையிலான ஒற்றைத் துளை போதும். பிறகு 10 வாட்டில் தொடங்கி அரை அரை வாட்டாக ஏற்றி, சுவை முழுதாக வந்ததும் நிறுத்துங்கள்.

*சுவை சப்பென்று இருக்கிறது.* வளையத்தை மூடுவதற்கு முன் காயிலின் உயரத்தைப் பாருங்கள். காயிலின் அடிப்பக்கம் துளைக்கு நேர் மேலே, 1 முதல் 1.5 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளி நின்றால் காற்றில் பாதி காயிலைத் தொடாமலே சிம்னிக்கு (ஆவி மேலேறும் குழாய்) போய்விடும். டெக்கை மேலிருந்து பார்த்தால் துளை காயிலின் நடுவில் மறைந்திருக்க வேண்டும். அது சரியென்றால்தான் காற்றைக் குறைப்பது.

*ஆவி சுடுகிறது.* அந்த வாட்டுக்குக் காற்று போதவில்லை. ஒரு படி திறவுங்கள். இறுக்கம் போய்விடும் என்றால் வாட்டைக் குறையுங்கள்.

*விசில் சத்தம்.* வளையம் துளையைப் பாதி மறைத்து நிற்கிறது. விளிம்பில் கிழிபடும் காற்றுதான் அந்தச் சத்தம். முழுத் துளைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

*நேற்று வரை சரி, இன்று இறுகிவிட்டது.* பஞ்சு வால் சரிந்து துளை மேல் படுத்திருக்கிறது, அல்லது துளையில் லிக்விட் படிந்திருக்கிறது. வளையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காயில் இரண்டே நாளில் கருத்துவிடுகிறது

கட்டில் குற்றமில்லை, லிக்விடில் இனிப்பு அதிகம். சுக்ரலோஸ் கலந்தவை காயிலில் பாகு போல ஒட்டிக் கருகும். பஞ்சை எடுத்துவிட்டு, குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்திக் கசடை எரித்து, முழுக்க ஆறிய பின் சிறு தூரிகையால் தேய்த்து, தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். காயிலைச் சில தடவை இப்படி மீட்கலாம். சுவை இல்லையே என்று சமையல் எசன்ஸைக் கலக்காதீர்கள். எண்ணெய் கலந்த எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

தலை சுற்றுகிறது, குமட்டுகிறது

காயிலைச் சரிபார்க்க வேண்டாம், நிறுத்துங்கள். இது நிகோட்டின் மிகுதி. மி.லி.க்கு 20 மி.கி. உள்ள லிக்விட், இறுக்கமான சிறிய இழுப்புக்கானது. அதே புட்டியை 0.45 ஓம் காயிலில் 40 வாட்டில் நெஞ்சுக்கு இழுத்தால் ஒவ்வோர் இழுப்பிலும் பல மடங்கு ஆவி போகும். அந்த வகைக் கட்டுக்கு 3 மி.கி. போதும். புட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தோலில் சிந்தினால் உடனே கழுவுங்கள்.

மாட் சுடுகிறது

டேங்க் சுடுவது வேறு, பேட்டரி இருக்கும் இடம் சுடுவது வேறு. பேட்டரிப் பக்கம் சுட்டால் உடனே நிறுத்தி, பேட்டரியைக் கழற்றுங்கள். மேலுறை ஒரு இடத்தில் கிழிந்திருந்தாலும் அந்த 18650 பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது. அந்த உறைக்கு அடியில் உள்ள உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை, அது நேர்முனைக்கு மிக அருகில் வரை வருகிறது.

கணக்கு எளிது. வாட்டை 3.2 வோல்ட்டால் வகுங்கள். அதுதான் இறங்கிய பேட்டரி தர வேண்டிய ஆம்பியர். 13 வாட்டுக்கு 4 ஆம்பியர், கவலையில்லை. 75 வாட்டுக்கு 23-க்கு மேல், மாடின் இழப்பையும் சேர்த்தால் 26. 20 ஆம்பியர் பேட்டரி ஒன்றால் அது ஆகாது. மின்னணுப் பாதுகாப்பு இல்லாத மெக்கானிக்கல் மாடை, ஓமைக் கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடத் தெரியும் வரை தொடாதீர்கள். அதில் ஷார்ட் ஆனால் எச்சரிக்கை வராது, பேட்டரி வெடிக்கலாம்.

விமானத்தில் மட்டும் ஒழுகுகிறது

மேலே போகப் போக அறையின் காற்றழுத்தம் குறையும். டேங்குக்குள் அடைபட்ட காற்று விரிந்து லிக்விடை வெளியே தள்ளும். ஏறும் முன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். மாடையும் உதிரிப் பேட்டரிகளையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பேட்டரிகளை நாணயம், சாவியோடு போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில். இறங்கும் ஊரையும் பாருங்கள். சிங்கப்பூரில் 2018 முதல் இதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. ஊருக்குப் போகும்போது இந்தப் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.